கேள்வி கேட்காத கீழ்ப்படிதல் யாருக்குப் பயன்படுகிறது?

சென்ற மாதம் பூவாரை அடுத்த கடலோரக் கிராமம் ஒன்றில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் கலந்துகொண்டேன். அந்த வீட்டுப் பெண்மணி கடலரிப்பில் முன்பு குடியிருந்த வீட்டை இழந்தவர். மறுவாழ்வுப் பட்டியலில் தம் பெயரைச் சேர்ப்பதற்காக ஓர் அலுவலகத்துக்குப் பலமுறை நடந்துகொண்டிருப்பவர். அன்று செய்தியளித்த ஊழியர் மூன்று சொற்களை எடுத்துக்கொண்டார்: கீழ்ப்படிதல், விசுவாசம், பொறுமை. மனு எழுதுவதும் அதிகாரிகளின் வாசலில் போய் நிற்பதும் ஆண்டவருடைய வேளைக்குக் காத்திராத அவிசுவாசம் என்று சொல்லி முடித்தார். அந்த அம்மா தலை நிமிராமல், “காத்திருக்கத்தானே பாஸ்டரே நான் அங்க போறேன்” என்றார். சிலர் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, ஆய்வு மாணவர்கள் சிலரிடம் இதைச் சொன்னேன். அவர்களிடம் விடை ஆயத்தமாக இருந்தது. நீட்சே இதை எப்போதோ சொல்லிவிட்டார். இது அடிமைகளின் அறம். காலனியமும் மிஷனும் சேர்ந்து வளர்த்த பணிவு. அந்தப் பெண்மணி விடுபட வேண்டியது முதலில் தம் நம்பிக்கையிலிருந்துதான் என்றனர்.

ஊழியரும் என் நண்பர்களும் எதிரெதிர் முகாம்களில் நிற்பவர்கள் போலத் தோன்றலாம். ஆனால் வரையறையில் அவர்களிடையே வேறுபாடு இல்லை. கீழ்ப்படிதல் என்பது அதிகாரத்துக்கு அடங்குதல், விசுவாசம் என்பது ஆராயாமல் ஏற்றல், பொறுமை என்பது கைகட்டி இருத்தல் என்றே இரு தரப்பும் கொள்கின்றன. ஒரு தரப்பு அதைப் போற்றுகிறது. மறு தரப்பு அதை இகழ்கிறது. அந்த வரையறையே பொய் என்பது என் வாதம். வேதநூலின்படி அது பொய். தமிழ்ச்சொல் வழக்கின்படி பொய். இந்தத் தென் திருவிதாங்கூர் மண்ணின் வரலாற்றின்படியும் பொய்.

முதலில் சொற்கள். சொற்பிறப்பைக் காட்டி இறையியலை நிறுவ முயல்வது எவ்வளவு பிழையானது என்பதை ஜேம்ஸ் பார் 1961இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டிவிட்டார். மொழியியல் படித்தவர்களுக்கு அது நினைவிருக்கும். ஒரு சொல்லின் வேர், அச்சொல்லின் பொருளைத் தீர்மானிப்பதில்லை. ஆகவே வேர்களை நான் சான்றாக வைக்கவில்லை. ஒரு மொழிபெயர்ப்புச் சொல் நம் அன்றாட வழக்கில் எந்தச் சொற்களோடு உறவு கொண்டு, எந்தப் பொருளை முன்தள்ளி எதைப் பின்தள்ளுகிறது என்பதையே கேட்கிறேன்.

எங்கள் எல்லைக் கிராமங்களில் இதைக் காண்பது எளிது. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தென்னிந்தியத் திருச்சபையின் தென் திருவிதாங்கூர்ப் பேராயமும் 1959இல் கன்னியாகுமரி, தென் கேரளம் என இரண்டானது. ஆனால் குடும்பங்கள் அவ்வாறு பிரியவில்லை. பாறசாலைப் பக்கத்தில் ஒரே வீட்டில் பாட்டி தமிழ் வேதாகமத்தையும் பேத்தி மலையாள வேதாகமத்தையும் வாசிப்பதைக் காணலாம். தமிழில் கீழ்ப்படிதல் என்று நிற்கும் இடத்தில் மலையாளத்தில் அனுசரணம் வருகிறது. முன்னது மேல், கீழ் என்னும் அடுக்கை நினைவூட்டுகிறது. வண்டல் கீழே படிவதுபோல ஒருவர் அடங்கிப் படிவதைக் காட்டுகிறது. பின்னது ஒருவரைப் பின்பற்றி நடப்பதைக் காட்டுகிறது. மூலமொழிகளில் நிற்பதோ இவை இரண்டும் அன்று, கேட்டல். எபிரேயத்தில் ஷெமா என்னும் வினையே செவிகொடுத்தலையும் கீழ்ப்படிதலையும் ஒருங்கே குறிக்கிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லும் கேட்டல் என்னும் வினையின்மேல் எழுந்ததே. இலத்தீனிலும் அவ்வாறே.

இதற்கு ஈடான சொல் தமிழில் இல்லையா? இருக்கிறது, நாள்தோறும் வழங்குகிறோம். சொன்னால் கேட்கிற பிள்ளை என்கிறோம். அப்பா பேச்சைக் கேள் என்கிறோம். கேள் என்னும் நம் வினை செவிகொடுத்தலையும் சொற்படி நடத்தலையும் குறிக்கிறது. அதோடு நில்லாமல் வினவுதலையும் குறிக்கிறது. மலையாளத்தில் வினவுதலுக்குச் சோதிக்குக என்று வேறு சொல் உண்டு. தமிழிலோ கேட்பவன் செவிகொடுப்பவன், நடப்பவன், வினவுபவன், மூவரும் ஒருவனே. திருக்குறளில் 42ஆம் அதிகாரத்துக்குக் கேள்வி என்று பெயர்; கற்றோர் சொல்லைச் செவிமடுப்பதைப் பற்றியது அது. அதே சொல்லைத்தான் இன்று தேர்வுத் தாளில் வினாவுக்கு வழங்குகிறோம்.

அன்றைய ஊழியர் கேட்டலிலிருந்து வினாவை அறுத்தெறிந்துவிட்டுக் கீழே படிதலை மட்டும் வைத்துக்கொண்டார். என் நண்பர்கள் அறுத்தெறியப்பட்டதைத் தேடிப் பார்க்கவே இல்லை.

விசுவாசம் என்னும் சொல்லுக்கு நேர்ந்ததும் இத்தகையதே. மலையாளத்தில் விசுவாசம் என்றால் நம்பிக்கை. தமிழ்ப் பேச்சு வழக்கில் அச்சொல் பெரிதும் எஜமான விசுவாசத்தையும் கட்சி விசுவாசத்தையும் நாயின் விசுவாசத்தையும் நினைவூட்டுகிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு நம்பிக்கை என்ற சொல்லை மேற்கொண்டது. சீர்திருத்தச் சபைகளின் பழைய மொழிபெயர்ப்பில் விசுவாசமே நின்றது. நான் அதைக் குறை கூறவில்லை. அச்சொல்லில் தலைமுறைகளின் ஜெபம் ஊறியிருக்கிறது. ஆனால் பிரசங்கபீடம், ஆண்டவர்மேல் வைக்கும் நம்பிக்கையைச் சபைத் தலைமைக்கும் அரசுக்கும் காட்ட வேண்டிய எஜமான விசுவாசமாக மாற்றிக்கொள்ள இந்த வழக்கு வசதி செய்து தருகிறது. எபிரேயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தை விசுவாசத்தின் பட்டியல் என்று நாமே சொல்கிறோம். அந்தப் பட்டியலில் மோசேயின் பெற்றோர் இருக்கின்றனர். அவர்கள் அங்கே இடம்பெறக் காரணம், மன்னன் ஆணையை மீறிக் குழந்தையை ஒளித்துவைத்தது. அரசாணையை மீறிய செயலையே அந்நிருபம் விசுவாசம் என்று எண்ணுகிறது. இந்தப் பகுதியின்மேல் எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறீர்கள்?

இனி வரலாற்றுக்கு வருவோம். எங்கள் ஊர்களிலிருந்து நெடுந்தொலைவில் இல்லாத நட்டாலத்தில் 1712இல் பிறந்தவர் நீலகண்டன். பத்மநாபபுரத்தில் மார்த்தாண்ட வர்மாவின் அரசுப்பணியில் இருந்தார். 1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர்ப் படையிடம் சிக்கிப் பின்னர் அதே படையைப் பயிற்றுவித்த டச்சுக்காரர் டிலனாய் அவருக்கு நண்பரானார். குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்புகள் நேர்ந்து மனமுடைந்திருந்த நீலகண்டனுக்கு டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது மரபு. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749இல் கைதானார். எருமையின்மேல் ஏற்றப்பட்டு ஊர் ஊராக இழிவுபடுத்தப்பட்டார். ஏறத்தாழ மூன்றாண்டு வதைக்குப் பின், 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2012 டிசம்பர் 2இல் கோட்டாறு மறைமாவட்டத்தில் அருளாளராகவும், 2022 மே 15இல் உரோமையில் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். அவர் கொல்லப்பட்டதற்கு மதமே காரணமா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை இங்கே தீர்க்க நான் முயலவில்லை. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மக்கள் அவரை எந்தக் குணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதே என் கேள்வி.

பணிந்து போனதற்காக அன்று. பணிந்திருந்தால் அவர் பதவியோடு வீடு திரும்பியிருப்பார். உயர்சாதி அதிகாரி ஒருவர் எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகினார் என்பதே அவரைப் பற்றிய நினைவின் மையம். புனிதர் பட்டத்தின்போது அவர் பெயரோடு ஒட்டியிருந்த பிள்ளை என்னும் சாதிப் பின்னொட்டும் விடப்பட்டது. அவருடைய கீழ்ப்படிதல் அரசனுக்கு மீறலாகத் தெரிந்தது. அவருடைய பொறுமை மூன்றாண்டு மறுத்து நின்றது.

அவரை ஆற்றியதாகச் சொல்லப்படும் யோபுவின் நூலையும் கவனியுங்கள். யாக்கோபின் நிருபம் யோபுவைப் பொறுமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. யோபு நூலைத் திறந்தாலோ பெரும்பகுதி முறையீடு. யோபு கடவுளையே வழக்குக்கு அழைக்கிறான். தன் பிறந்த நாளைச் சபிக்கிறான். அடங்கு, உன் பாவத்தை ஒத்துக்கொள், காத்திரு என்று அறிவுரை சொன்னவர்கள் அவனுடைய நண்பர்கள். இறுதி அதிகாரத்தில் கடவுள் கோபிப்பது அந்த நண்பர்கள்மேல்தான். சரியாகப் பேசியவன் யோபுவே என்று தீர்ப்பாகிறது. ஆகவே வேதநூலின் கணக்கில் பொறுமையுள்ளவன் யார்? வாய்மூடாதவன், அதே வேளையில் கடவுளை விட்டு விலகியும் போகாதவன். அன்று ஜெபக்கூட்டத்தில் ஊழியர் பேசியது யோபுவின் நண்பர்களுடைய பேச்சு.

அடுத்து, இந்த மண்ணின் பெண்கள். 1820களிலிருந்து தென் திருவிதாங்கூரில் கிறிஸ்தவ நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தியதற்காகச் சந்தைகளிலும் வழிகளிலும் தாக்கப்பட்டனர். மிஷன் தரப்பு கண்ட நடுவழி, தளர்வான குப்பாயம். உயர்சாதிப் பெண்களின் மேல்முண்டு வேண்டாம், சட்டத்துக்குட்பட்டு அடக்கமாக உடுத்துங்கள் என்பது அதன் உட்பொருள். பெண்கள் குப்பாயத்தையும் அணிந்தார்கள். அதன்மேல் முண்டையும் போட்டார்கள். 1829 பிப்ரவரி 3இல் வந்த அரசு அறிக்கை மேலாடையைத் தடுத்தது. ஆலயங்களும் பள்ளிகளும் எரிந்தன. 1859 ஜூலை 26இல் வந்த அறிக்கை உடலை மூட அனுமதித்தது. உயர்சாதியாரைப் போல உடுத்தக்கூடாது என்ற தடையை அப்போதும் விட்டுவைத்தது. இடைப்பட்ட ஒரு தலைமுறைக்கும் மேலான காலத்தை என்னவென்று சொல்வது? பொறுமை என்றே சொல்வேன். நாள்தோறும் உடுத்தி, அடிபட்டு, மறுநாளும் உடுத்திய பொறுமை. மிஷனரிகள் அவர்களுக்குக் கற்பித்தது அடக்கம். கடவுளுக்குமுன் தாங்களும் மனிதரே என்பதை அவர்கள் வேதத்திலிருந்து தாங்களே கேட்டறிந்தனர்.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டுமே உரிய பெருமை என்று எவரும் எண்ணவேண்டாம். பூவாரில் கடலைச் சேரும் இதே நெய்யாற்றின் கரையில், மேலே அருவிப்புறத்தில், 1888இல் நாராயண குரு சிவலிங்கம் நிறுவினார். உரிமை இல்லை என்று சொல்லப்பட்டவரின் செயல் அது. உள்ளே கேட்ட சொல்லுக்குப் பணிந்து வெளியே வழக்கத்தை மீறுவது இந்த ஆற்றங்கரைக்குப் புதிதன்று.

இப்போது மூன்றாம் சொல்லுக்கு வருவோம். பொறு என்னும் வினை தமிழில் சுமத்தலையும் மன்னித்தலையும் காத்திருத்தலையும் குறிக்கும். பொறுமையும் பொறுப்பும் அவ்வினையோடு உறவுடைய சொற்கள். காத்திரு என்பதில் காத்தல் இருக்கிறது. காவல் காப்பவரும் காத்திருப்பவரும் ஒரே வினையைச் செய்கின்றனர். எபிரேயத்தில் நம்பிக்கையைக் குறிக்கும் திக்வா என்ற சொல், ராகாபின் வீட்டுச் சன்னலில் கட்டப்பட்ட கயிற்றுக்கும் வழங்குகிறது. கரையில் நின்று வலைக்கயிற்றைப் பிடித்திருப்பவருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. கயிற்றைப் பிடித்திருப்பது ஓய்வு அன்று.

2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் எங்கள் கடலை அடித்தது. திருவனந்தபுரம் கரையிலிருந்தும் குமரி மாவட்டக் கரையிலிருந்தும் போனவர்களில் பலர் திரும்பவில்லை. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. ஏழாண்டு தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது. அந்தக் குடும்பங்கள் எதற்குக் காத்திருந்தன? உடலுக்கா, சான்றிதழுக்கா, மனிதருக்கா? அவர்களிடம் போய்ப் பொறுமையைப் பற்றிப் பிரசங்கிக்க எவருக்கும் தகுதி இல்லை. அதை அவர்களிடமிருந்து கற்கத்தான் முடியும். அன்று கரையில் நின்ற பெண்கள் ஜெபமாலையும் சொன்னார்கள். சாலையை மறித்துத் தேடுதல் படகுகளையும் கேட்டார்கள். இந்த இரண்டுக்கும் இடையில் அவர்கள் முரண்பாடு காணவில்லை. நாம்தான் காண்கிறோம்.

2022இல் விழிஞ்ஞத்தில் நடந்ததும் நினைவிருக்கும். கடலரிப்பில் வீடிழந்து வலியதுறையின் சிமெண்டுக் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்த குடும்பங்களின் மறுவாழ்வு உள்ளிட்ட 7 கோரிக்கைகளை முன்வைத்து, திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தின் தலைமையில் மீனவர்கள் ஆகஸ்டு 16 முதல் டிசம்பர் 6 வரை துறைமுக வாசலில் போராடினர். துறைமுகப் பணியை நிறுத்தி ஆய்வு நடத்தவேண்டும் என்ற கோரிக்கையை அரசு ஏற்கவில்லை. நவம்பர் 27இல் காவல் நிலையம் தாக்கப்பட்டது. அதை எவ்விதத்திலும் பொறுமை என்று அழைக்க மாட்டேன். கிறிஸ்தவக் காத்திருத்தல் தோற்கும் இடங்களும் உண்டு; அது அப்படி ஓர் இடம். ஆனால் ஏறத்தாழ நான்கு மாதம் கூடிக் காத்திருந்த அந்த மக்களைப் பார்த்து, சபை அரசியலில் இறங்கிவிட்டது, கீழ்ப்படிதலை மறந்துவிட்டது என்று பேசியவர்களுக்கு ஒன்று சொல்வேன். லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். சோர்ந்துபோகாமல் ஜெபிப்பதற்கு இயேசு காட்டும் எடுத்துக்காட்டு, நீதியற்ற நடுவன் ஒருவனுடைய வாசலுக்குத் திரும்பத் திரும்பப் போன ஒரு கைம்பெண். அலுவலக வாசல்தான் அவளுடைய காத்திருப்பின் இடம்.

எதிர்ப்புரைகள் எனக்குத் தெரியும். ரோமர் நிருபத்தின் 13ஆம் அதிகாரம் ஆளுகைக்குப் பணியச் சொல்கிறதே என்பார்கள். சொல்கிறது, அதை மறைத்து வாதாட நான் விரும்பவில்லை. ஆனால் அதை எழுதிய பவுல், பிலிப்பி நகரச் சிறையிலிருந்து இரகசியமாக வெளியே அனுப்பப்பட்டபோது போக மறுத்தார். விசாரணையின்றி அடித்த அதிகாரிகளே நேரில் வந்து தம்மை வெளியே அழைத்துப் போகவேண்டும் என்றார். பணிவின் எல்லையை அதே மனிதரின் வாழ்க்கை காட்டுகிறது. மனிதருக்கா கடவுளுக்கா என்று வந்தபோது பேதுருவும் மற்றவர்களும் ஆலோசனைச் சங்கத்தின் முன் என்ன விடை சொன்னார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடினமானது. தன் விருப்பத்தையே கடவுளின் குரல் என்று ஒருவர் சொல்லிக்கொள்ள மாட்டாரா? சொல்லிக்கொள்வார், நாள்தோறும் பார்க்கிறோம். இதற்கு என்னிடம் உள்ள அளவுகோல் ஒன்றுதான்: அந்தக் கீழ்ப்படிதலின் செலவை யார் ஏற்கிறார்கள்? தேவசகாயம் தம் உடலால் ஏற்றார். மேலாடைப் பெண்கள் தாங்களே ஏற்றனர். 1937இல் சீடத்துவத்தின் விலையைப் பற்றி நூல் எழுதிய போன்ஹோஃபர், 1945 ஏப்ரலில் ஃபிளாசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டு அந்த விலையைக் கொடுத்தார். இன்னொருவருடைய பொறுமையைப் பிரசங்கிப்பவரிடம் நாம் கேட்கவேண்டியது இதையே: ஐயா, இந்தக் காத்திருப்பில் உங்கள் பங்கு என்ன? உங்கள் வீடு கடலில் போகவில்லையெனில், இந்த அம்மாவோடு ஒரு நாளாவது அலுவலகத்துக்கு நடந்தீர்களா?

என் ஆய்வுலக நண்பர்களுக்கும் ஒரு சொல். கெய்ரோவின் மசூதிகளில் பக்தியும் பணிவும் பயின்ற பெண்களைப் பற்றி சபா மஹ்மூத் 2005இல் எழுதிய நூலை நாம் பாடமாக வாசிக்கிறோம். எதிர்ப்பில் மட்டுமே செயலுரிமையைத் தேடாதீர்கள் என்ற அவருடைய வாதத்துக்குத் தலையசைக்கிறோம். கெய்ரோவுக்குக் கொடுத்த அந்தக் கவனத்தைப் பூவாருக்குக் கொடுக்க ஏன் மனம் வரவில்லை? இங்கே ஒரு மீனவப் பெண் ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று சொன்னால் உடனே பொய்யுணர்வு என்று எழுதிவிடுகிறோம். அவர் அதைச் சொல்லிவிட்டு அடுத்த பேருந்தில் எங்கே போகிறார் என்பதைப் பார்ப்பதில்லை. அவருடைய நம்பிக்கையை அவரிடமிருந்து பறித்தால் அவர் விடுதலை பெறுவார் என்று எந்தக் களஆய்வு நமக்குச் சொன்னது? பலருக்கு, அந்த அலுவலகத்துக்கு ஆறாம் முறை போகும் வலிமையே அதிலிருந்துதான் வருகிறது.

நானும் அந்த நம்பிக்கையுள்ளவர்களில் ஒருவர்தான்; அதை மறைத்துக்கொண்டு நடுநிலை பேச விரும்பவில்லை. கீழ்ப்படியவும் நம்பவும் காத்திருக்கவும் நான் கற்றது இந்தக் கிராமங்களின் சபைகளில்தான். அதனாலேயே அச்சொற்களை ஏழைகளின் வாயை அடைக்கப் பயன்படுத்துவதைப் பார்த்துக்கொண்டு பேசாமலிருக்க இயலவில்லை. சபைப் பொறுப்பில் இருப்பவர்களிடம் கேட்பது ஒன்றே. அடுத்த முறை கீழ்ப்படிதலைப் பற்றிப் பேசும்போது, கேட்டல் என்ற சொல்லை ஒருமுறை பயன்படுத்திப் பாருங்கள். பேசி முடித்தபின், சபையில் எவரேனும் கேள்வி கேட்டால் அதை அவிசுவாசம் என்று எண்ணாதீர்கள். அவர் கீழ்ப்படியத் தொடங்கியிருக்கலாம்.

அந்த அம்மா இந்த வாரமும் அலுவலகம் போகிறார். மலையாளத்தில் எழுதவேண்டிய மனுவுக்கு உதவி கேட்டார். இம்முறை நானும் உடன் போகிறேன். இவ்வளவையும் எழுதிவிட்டு வீட்டில் இருந்தால், மேலே சொன்ன அளவுகோல் முதலில் என்மேல்தான் பாயும்.